கயிறு இல்லாத கத்தி

நான்கு வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணனுக்கு ஒரு தொப்பி கொண்டுவந்திருந்தேன். அண்ணிக்கு எதுவும் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கால்சட்டைப் பையில் கைவிட்டபோது புதுக் கத்தி அகப்பட்டது. கடைசியாக வேலை பார்த்த துறைமுகத்தில் பழைய கத்தியைத் தண்ணீரில் தவறவிட்டு, இரண்டு வாரத்துக்கு முன் எனக்காக வாங்கியது. அதை எடுத்து நீட்டினேன்.

"என்ன இது, பேனாவா?"

"கத்தி அண்ணி. மடக்குக் கத்தி. எப்பவும் பையிலயே வச்சுக்கலாம்."

"வந்ததும் வராததுமா நாத்தனார் அண்ணிகிட்ட கத்தியை நீட்டறா" என்றான் அண்ணன், தொப்பியைக் கண்ணாடியில் சரிபார்த்தபடி. "நான் நடுவுல வரமாட்டேன்பா."

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் பதினேழு வருடமாகத் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் பிசிறு வெட்டுகிறாள். தைத்து முடிந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை நறுக்கித் தள்ளுகிற வேலை. வெட்டுகிற சாமான் எது கைக்கு வந்தாலும் அவளுக்கு அது பரிசாகத் தெரியாது. வேலைக்கு வந்திருக்கும் புது ஆளாகத்தான் தெரியும்.

மடக்கியபடியே உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கத்தி முழுதாக மறைந்தது. கையைக் கொஞ்சம் தூக்கி இறக்கி எடை பார்த்தாள். கரும்பச்சைப் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"சொரசொரன்னு இருக்கு. நல்லது, வேர்த்தா வழுக்காது. இந்தக் கொக்கி எதுக்கு?"

"பை ஓரத்துல மாட்டிக்க."

"நூல் மாட்டும்" என்றாள். கத்தியின் முதுகில் இருந்த குமிழைக் கட்டைவிரலால் தள்ளினாள். அலகு டிக்கென்று நிமிர்ந்து நின்றது. மடக்கினாள், திறந்தாள், காதருகே கொண்டுபோய் இன்னும் இரண்டு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலகின் ஓரத்தைப் பார்த்தாள். என் ஆள்காட்டி விரலைவிடச் சின்ன அலகு அது.

"நுனியில மட்டும் சாணை கொஞ்சம் அவசரமா பிடிச்சிருக்கான். மத்தபடி பரவாயில்ல. இந்த இடுக்குல பஞ்சு சேரும், வாரத்துக்கு ஒரு தடவை ஊதி விடணும்."

இரண்டு வாரம் நான் உபயோகித்த கத்தி. நுனியில் யாரோ அவசரப்பட்டது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அண்ணனின் சட்டை ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணியின் கண்ணிலிருந்து அது தப்ப வழியில்லை. பஸ்ஸில் முன்னே நிற்கும் முன்பின் தெரியாத ஆளின் காலரில் நூல் தெரிந்தாலே அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அண்ணனைத் திருப்பி நிறுத்தி நறுக்கென்று வெட்டினாள். வெட்டி முடித்ததும், நெஞ்சு உயரத்தில், கையை அப்படியே திறந்துவிட்டாள்.

கத்தி நேராக இறங்கி என் கால் பெருவிரலுக்கு ஒரு விரல்கடை தள்ளித் தரைவிரிப்பில் குத்தி நின்றது.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டான்.

"நடுவுல வரமாட்டேன்னு சொன்னேன்ல" என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கயிறு இல்லேங்கறது கைக்குத் தெரியல" என்றாள்.

அவள் கம்பெனியில் வெட்டுகிற சாமான் எல்லாவற்றுக்கும் கயிறு உண்டு. அவள் சேர்வதற்கு முன்னால் எப்போதோ, ஏற்றுமதியான குழந்தைச் சட்டை ஒன்றுக்குள் உடைந்த அலகுத்துண்டு கிடந்ததாம். அன்றிலிருந்து பிசிறு மேஜை ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து கயிறு, கயிற்றின் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தரி. நூலை வெட்டியதும் கையை விட்டால் போதும், கத்தரி அந்தரத்தில் ஆடி நிற்கும். அடுத்த சட்டையைப் புரட்டிவிட்டுக் கையை நீட்டினால் அதே இடத்தில் இருக்கும். கீழே வைக்க ஒரு நொடி, எடுக்க ஒரு நொடி என்று ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு நொடி மிச்சம். பதினேழு வருடம் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை கையை விட்டுவிட்டு, விடுவதுதான் வெட்டுவதன் கடைசிப் பகுதி என்று அவள் கை முடிவுசெய்துவிட்டது.

மறுநாள் காலை சமையலறைக்குப் போனேன். அங்கே ஜன்னல் என்று ஒன்று உண்டு. திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்த ஜன்னல் கம்பியில் ஒரு முழக் கயிறு கட்டி, அதன் முனையில் என் கத்தி தொங்கியது.

"அண்ணி, இதை மடக்கற மாதிரி செஞ்சதே கூடவே எடுத்துட்டுப் போறதுக்குத்தான்."

"நான் எங்க போறேன்?"

பதிலுக்காகக் கேட்டதாகவும் தெரியவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் வரும். ஏறினால் கம்பெனி வாசலில் இறக்கும். மாலை ஆறு மணிக்கு ஏறினால் தெருமுனையில் இறக்கும். வேலை பார்க்கும் கூடத்தில் ஜன்னல்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறது. மழை பெய்ததா என்பதை வேன் கூரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் "கொஞ்ச நாளைக்கு" என்று சேர்ந்த வேலை. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

"ஒரு இடத்துக்குப் போகணும்னு ஆசை இருக்கு" என்றாள் திடீரென்று. "மாடிக்கு."

"எந்த மாடிக்கு?"

"எங்க கம்பெனி மாடிக்குத்தான். சாம்பிள் ரூம்."

புதிதாக வரும் ஆர்டருக்கு முதல் சட்டையைத் தைத்துப் பார்க்கிற அறை அது. எட்டே பேர். ஒரு நாள் தைத்த சட்டையை மறுநாள் தைக்க மாட்டார்கள். உட்கார முக்காலி உண்டு. தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல் உண்டு, பெயின்ட் கிடையாது. அங்கே ஓர் இடம் காலியாகிறதாம். மூன்று வாரத்தில் பரீட்சை. இதற்கு முன் இவள் மேஜையிலிருந்து இரண்டு பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

"நல்லாத்தான் வெட்டினாங்க. ஆனா அங்க கத்திரிக்குக் கயிறு கிடையாது. ஒருத்தி அந்த ரூம் மாஸ்டர் கால்மேலயே போட்டா. இன்னொருத்தி பட்டுத்துணி மேல. ரெண்டு பேரையும் அப்பவே கீழ அனுப்பிட்டார்." உரித்த வெங்காயத்தைக் கழுவினாள். "நானும் நேத்து ராத்திரி சாப்பிடறதுக்குள்ள மூணு தடவை போட்டேன். அதான் கட்டிட்டேன்."

நான் கயிற்றை அவிழ்த்தேன்.

என் யோசனை எளிமையானது. மடக்குக் கத்தியை வெட்டி முடித்ததும் அப்படியே விட முடியாது, மடக்க வேண்டும். மடக்கினால் பையில் போட வேண்டும். திற, வெட்டு, மடக்கு, பையில் போடு. கைக்கு இந்த நாலையும் சேர்த்து ஒரே வேலையாகப் பழக்கிவிட்டால் 'விடு' என்பது மறந்துபோகும். எனக்கு அப்போது இது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

"பையா?" என்றாள் அண்ணி. "எனக்கேதுடி பை?"

உண்மைதான். அவளுடைய எந்த உடுப்பிலும் பை இல்லை. கம்பெனியில் மேலே போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டுக்கும் வேண்டுமென்றே பை வைப்பதில்லை, உள்ளே எதுவும் போய்விடக் கூடாதென்று. ஒரு நாளைக்கு நாலாயிரம் சட்டைக்குப் பை வைத்துத் தைக்கிற கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்திக்கும் பை கிடையாது.

அன்று மாலையே உட்கார்ந்து, தன் நாலு நீளச் சட்டைக்கும் இடுப்புத் தையலைப் பிரித்து உள்பக்கமாகப் பை வைத்தாள். கத்தியை அளவு வைத்துத் தைத்ததால் அது நழுவாமல் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே பை இருப்பதே தெரியாது.

மூன்று வாரம் எங்கள் வீட்டில் கத்திரிக்கோல், அரிவாள்மனை எதற்கும் வேலை இருக்கவில்லை. பால் பாக்கெட்டிலிருந்து மாத்திரை அட்டைவரை எல்லாவற்றையும் அந்தச் சின்ன அலகுதான் வெட்டியது. முதல் வாரம் அது பலமுறை விழுந்தது. நாங்கள் வீட்டுக்குள் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தோம். அண்ணன் ஷூவே போட்டுக்கொண்டான். அவன் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். இரும்பு நுனி வைத்த ஷூ.

"ஊர்ல எல்லாரும் வீட்டுக்குள்ள வந்தா ஷூவைக் கழட்டுவாங்க. நான் வந்ததும் மாட்டறேன்" என்றான். "சரி, அந்த மாடி ரூமுக்கு வேன் கிடையாதாமே?"

"ஏழு மணிக்குத்தான் விடுவாங்க. வேன் ஆறுக்கே போயிடும்" என்றாள் அண்ணி.

"அப்ப யாரு கூட்டிட்டு வர்றது?"

"என் கால் கூட்டிட்டு வரும்."

"முக்கால் மணி நேரம் நடக்கணும்."

"தெரியுமே."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

இரண்டாவது வாரம் விழுவது குறைந்தது. மூன்றாவது வாரம் ஒரு தடவைகூட விழவில்லை. கம்பெனியில் கயிற்றுக் கத்தரியைப் பிடித்தால் மட்டும் கை இன்னும் பழையபடி விட்டுவிடுகிறது என்றாள். பேசிக்கொண்டே கீரைக்கட்டின் நாரை அறுப்பாள், கை தன்பாட்டுக்கு மடக்கி இடுப்புத் தையலுக்குள் போய்விட்டு வரும். அவள் பார்ப்பதுகூட இல்லை. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை அன்று கத்தியை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். கம்பெனி வாசலில், இரும்பு கண்டால் கத்தும் சோதனைக்கோலால் எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், திரும்பும்போதும் அப்படியே. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அண்ணியின் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

"கிடைச்சிடுச்சு. ஒரு தடவைகூட கீழ போடல. மாஸ்டர், 'திங்கக்கிழமையிலேர்ந்து மேல வந்துடும்மா'ன்னுட்டார். ஜன்னல் வழியா ஒரு பழக்கடை தெரியுது."

மாலை ஆறேகாலுக்குத் தெருமுனையில் வேன் நின்றது. அண்ணி இறங்கவில்லை. எங்கள் தெருவிலேயே இருக்கிற, அண்ணிக்குப் பக்கத்து மேஜைக்காரி மட்டும் இறங்கினாள். அவளைக் கம்பெனியில் ரேடியோ என்பார்கள். அன்று ரேடியோ தயங்கித் தயங்கித்தான் பேசியது.

"உங்க அண்ணியைக் கேட்டுல நிறுத்திட்டாங்கம்மா. உடுப்புக்குள்ள கத்திரி வச்சிருந்தாளாம். சாம்பிள் ரூம் கத்திரி. சட்டைக்குள்ள ரகசியமா பை தைச்சு வச்சிருந்தாளாம். அவளா அப்படி?"

எனக்கு விளங்க ஒரு நொடிதான் ஆனது. பரீட்சையின் கடைசி நூலை வெட்டியதும், கோட்டின் பக்கவாட்டுத் திறப்பு வழியாக அண்ணியின் கை உள்ளே போய், மாஸ்டரின் கத்தரியை இடுப்புத் தையலில் போட்டுவிட்டு வந்திருக்கிறது. ஆறு மணிக்குச் சோதனைக்கோல் கத்தும்வரை அது அங்கேயே இருந்திருக்கிறது, அவளுக்கும் தெரியாமல்.

வெட்டுகிற சாமான் வாசலைத் தாண்டினால் வேலை போய்விடும். அங்கே அதற்கு மறுபேச்சுக் கிடையாது. மறுநாள் காலை விசாரணை, வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அவளை அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம் நடந்து வந்தாள். அவள் ஆசைப்பட்ட நடை. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்புத் தையலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால வரமுடியாது" என்றான் அண்ணன். "பொண்டாட்டி திருடலன்னு ஒரு ரூம்ல போய் நின்னு சொல்ல என்னால ஆகாது. கத்தி குடுத்தவளே போகட்டும்."

அதில் நியாயம் இருந்தது. போனேன்.

நேரம் குறிக்கிற ஆபீஸுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவரோரம் இரண்டு நாற்காலி. அதில் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம். கதவு பூட்டியிருக்கவில்லை, ஆனால் எழுந்தால் வெளியே இருந்த காவல்காரர், "எங்கம்மா?" என்றார். சுவருக்கு அப்பால் தையல் மிஷின்கள் ஒரே சத்தமாக ஓடின. அண்ணி அதில் எந்த மிஷின் எண்ணெய் கேட்கிறதென்று எனக்குச் சொன்னாள். ஒரு தடவை மட்டும், "வேலை போனா நான் நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு என்ன பண்ணுவேன்?" என்று கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். கூடவே சாம்பிள் ரூம் மாஸ்டரும், வாசல் சோதனையில் கத்தரியைக் கண்டுபிடித்த கேட்டு அக்காவும். பிடிபட்ட கத்தரியை மேஜை நடுவில் ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்தார்கள். கையளவுகூட இல்லாத ஒன்று.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, கையை விடுவது, மடக்குக் கத்தி, பை. சொல்லச் சொல்ல எனக்கே அது புளுகு போலக் கேட்டது. மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு கத்திரியை எடுத்துப் போனதுக்கு இவ்வளவு பெரிய கதையை நான் கேட்டதில்ல. சரி, கை தானா செய்யுதுன்னா இப்ப செஞ்சு காட்டச் சொல்லுங்க."

"நெனச்சுக்கிட்டுச் செஞ்சா அது வராது சார்" என்றாள் அண்ணி.

"அது சரி" என்றார் மேனேஜர்.

"சார், பதினேழு வருஷம். ஒரு பொத்தான்கூட எடுத்ததில்ல. கேட்டு அக்காவைக் கேளுங்க."

"பையை எதுக்கு உள்பக்கமா தைச்சேன்னு நான் கேக்கறேன்ல" என்றாள் கேட்டு அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அதை நான் எப்படிடி எழுதாம விடுவேன்?"

மேனேஜர் பேனாவை எடுத்தார். எழுதக் கை நீட்டியபோது அவருடைய முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். அண்ணி அதற்கு முன்பே பார்த்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் சார், அப்படியே இருங்க." மேஜை மேலிருந்த கத்தரியை எடுத்து, குனிந்து, நறுக்கினாள். "இது நம்ம கூடத்துல தைச்சது இல்ல. நம்ம ஆளுங்க இப்படி விட்டிருக்க மாட்டாங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா, என்னை மாடிக்கு அனுப்பலன்னாலும் சரி, திருடின்னு மட்டும் எழுதாதீங்க."

மாஸ்டர் அவள் இடுப்பைப் பார்த்தார். மேனேஜர் வெள்ளைத்தாளைப் பார்த்தார்.

"கத்திரி எங்கம்மா?"

அண்ணி மேஜையைப் பார்த்தாள். தாளைத் தூக்கிப் பார்த்தாள். "இப்பதானே இங்க வச்சேன்" என்று சொல்லிக் குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாள். கேட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள், தோள் குலுங்கியது. மேனேஜரும் சிரித்துவிட்டார். அடியிலிருந்து நிமிர்ந்த அண்ணி எல்லோர் முகத்தையும் பார்த்து, மெதுவாக இடுப்பில் கைவைத்தாள்.

அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன், அதைச் சொல்லிவிட வேண்டும்.

மேனேஜர் தான் எழுதியிருந்த தாளைக் கிழித்தார். "திருட்டு இல்ல. ஒத்துக்கறேன். வேலைக்கும் ஒண்ணும் ஆகாது." பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நல்ல வெட்டும்மா உன்னோடது. பத்து வருஷத்துல அப்படி ஒரு வெட்டு நான் பார்க்கல. ஆனா என் ரூம்ல இருபது கத்திரி சும்மா கிடக்கு. இந்தக் கையை நான் எப்படி உள்ள விடறது? தினம் சாயங்காலம் உன்னை நிறுத்தித் தேடவா?"

"பையைப் பிரிச்சுடறேன் சார்."

"பை இல்லன்னா கீழ போடுவே. ரெண்டு பேரு போட்டாங்களே, அந்த மாதிரி."

அண்ணி இடுப்புத் தையலைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப எதை மறந்துட்டு வரணும் சார்?" என்றாள். "விடறதையா, வச்சுக்கறதையா?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஆகவில்லை. ஆறு மணிவரை வேலை இருக்கிறதே என்றார். கேட்டு அக்கா அவள் இடுப்புப் பையை அங்கேயே பிரித்தாள், இனி வேண்டாமென்று. கடைசியில் அறுபடாத நூலைக் கடித்தே அறுத்தாள். அண்ணி நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

அன்று மாலை வேனிலிருந்து அண்ணியும் ரேடியோவும் சேர்ந்தே இறங்கினார்கள். ரேடியோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உங்க அண்ணி மேஜைக்கு வந்து முதல் சட்டையை எடுத்தாளா, நூலை வெட்டினாளா, வெட்டிட்டுக் கத்திரியை அப்படியே இடுப்புக்கு இழுக்கறா. கயிறு விறைச்சுக்கிட்டு நிக்குது. இவ பாட்டுக்கு இழுத்துக்கிட்டே இருக்கா. மேல கொக்கியே வளைஞ்சிடும்போல. அத்தனை பேரும் பார்த்துச் சிரிக்கறோம்."

"பேசாம வாடி" என்றாள் அண்ணி.

வீட்டுக்குள் வந்ததும், ரேடியோ சொன்னது உண்மையா என்று கேட்டேன்.

"உண்மைதான்" என்றாள். செருப்பைக் கழற்றினாள். "இடுப்புக்கு நாலு விரக்கடை எட்டல."